ஷிஃப்ட் போட்டால் வேகம் வராது

சி மொழி படிப்பவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் நம்பிக்கை ஒன்று உண்டு. 2ஆல் பெருக்காமல் இடப்பக்கம் ஒரு ஷிஃப்ட், 2ஆல் வகுக்காமல் வலப்பக்கம் ஒரு ஷிஃப்ட் போட்டால் நிரல் வேகமாக ஓடுமாம். அப்படி எழுதுபவர்தான் கெட்டிக்காரராம். வளாக நேர்காணல் பயிற்சிகளில் இது இன்றும் பாடம். தவறான பாடம்.

1970களின் சிறிய கணினிகளில் பெருக்கலும் வகுத்தலும் அதிக நேரம் எடுத்தன, கம்பைலர்களும் எளியவை. அன்று இதற்கு நியாயம் இருந்தது. இன்று ஜிசிசியும் கிளாங்கும், 10 போன்ற மாறிலியால் வகுப்பதைக்கூட ஒரு பெருக்கலும் ஷிஃப்டுமாக மாற்றிவிடுகின்றன. அந்த வேலையை நாம் கையால் செய்தால் பிழைதான் மிஞ்சும். -7 / 2 என்பதன் விடை, சி99 தரப்படி -3. -7 >> 1 என்று எழுதினாலோ, விடையைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தரம் கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. ஜிசிசியில் -4 வரும். கம்பைலர் தானாக மாற்றும்போது எதிர்மறை எண்ணுக்கான திருத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறது. கையால் எழுதுபவர் அதை மறந்துவிடுகிறார்.

மூன்றாவது மாறி இல்லாமல் எக்ஸாரால் இரு மதிப்புகளை இடம் மாற்றும் வித்தை இன்னும் மோசம். இரண்டு பாயின்டர்களும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கிருந்த மதிப்பு பூஜ்யமாகிவிடும். வரிசைப்படுத்தும் நிரல்களில் ஓர் உறுப்பைத் தன்னோடு தானே இடம் மாற்றும் நிலை சாதாரணமாக வரும். மிச்சப்படுத்தியதாக நினைக்கும் அந்த மூன்றாவது மாறியோ, பெரும்பாலும் நினைவகத்துக்கே போகாமல் ரெஜிஸ்டரிலேயே இருந்துவிட்டுப் போகும்.

என் கோபம் இந்த வித்தைகள் மீது மட்டுமல்ல. பிட் வேலை என்றாலே வேகத்துக்கான தந்திரம் என்று பழக்கியதால், அது உண்மையில் எதற்காக இருக்கிறது என்பதை நம் மாணவர்கள் கற்காமலே போகிறார்கள். ஆர்டுயினோ ஊனோவை எடுத்துக்கொள்வோம். அதன் 13ஆம் பின்னில் உள்ள எல்இடி, ஏடிமெகா328பி சிப்பின் பி போர்ட்டில் 5ஆம் பிட். அதே பைட்டின் மற்ற பிட்டுகள் வேறு பின்களுக்குரியவை. |= எழுத வேண்டிய இடத்தில் வெறும் = எழுதினால் எல்இடி எரியும்; கூடவே, பக்கத்துப் பின்னில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோகலாம். இங்கே மாஸ்க் போடுவது வேகத்துக்காக அல்ல, அடுத்தவர் பிட்டைத் தொடாமல் இருப்பதற்காக.

அதோடும் முடியவில்லை. அந்தச் சிப்பில் கீழ்முகவரி ரெஜிஸ்டர்களின் ஒரு பிட்டை ஒரே கட்டளையில் மாற்றலாம். மற்றவற்றில் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். இடையில் ஓர் இன்டரப்ட் புகுந்து அதே ரெஜிஸ்டரைத் திருத்தினால், அது செய்த மாற்றம் அழிந்துபோகும். பல சிப்புகளில் 1 எழுதினால்தான் அழியும் இன்டரப்ட் கொடிகளும் உண்டு. அங்கே பழக்கத்தில் |= போட்டால், காத்திருந்த மற்றக் கொடிகளும் சேர்ந்து அழியக்கூடும்.

நேர்காணலில் இதைக் கேளுங்கள்: மற்ற பிட்டுகளைத் தொடாமல் 4ஆம் பிட்டை மட்டும் 0 ஆக்கு, நடுவில் இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும் என்று சொல். விடை எழுதுபவர் குறியில்லாத வகையைத் தேர்ந்தெடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். 32 பிட் இன்ட்டில் 1 << 31 என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு சி11 தரம் எந்த உறுதியும் தருவதில்லை.