நாலு கிலோ டைசன்

எங்கள் வீட்டு டைசனின் எடை நாலு கிலோ. பாமரேனியன் என்று சொல்லி விற்றார்கள். மதுக்கரை மார்க்கெட்டில் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். அது போகட்டும், நமக்கு ஜாதி முக்கியமில்லை. அந்த நாலு கிலோ, போன சித்திரையில் 68 கிலோ எடையும் 71 வயசுமான ஒரு மனிதரை ரோட்டோரம் குப்புறத் தள்ளி, இடது மணிக்கட்டை முறித்துவிட்டது என்பதுதான் விஷயம்.

அந்த மனிதர் என் அப்பா.

‘நாலு கிலோ நாய் எப்படி சார் ஆளைத் தள்ளும்?’ என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் கேட்டார். அப்பா கயிற்றைக் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு, யாரிடமோ பேசத் திரும்பியிருக்கிறார். எதிரே ஒரு பூனை. அவ்வளவுதான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2001-லிருந்து 2020 வரை, நாயைக் கயிற்றில் பிடித்து நடந்து அடிபட்டு எமர்ஜென்சிக்கு வந்த பெரியவர்கள் மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேலே! விரல் எலும்பு முறிவு, தலையில் அடி, தோள்பட்டைச் சுளுக்கு – இவைதான் முதல் மூன்று இடம். மணிக்கட்டோடு போனதே என்று குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்தோம்.

அன்று சாயங்காலமே ஊட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. கிணத்துக்கடவிலிருந்து அக்கா வந்திருந்தாள். “எங்க தோட்டத்துல கொண்டுவந்து உட்ருங்க. கட்டிப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். இந்த வயசுல அப்பனுக்கு நாய் ஒரு கேடா?” என்றாள். நியாயம்தான். என் மனைவிகூடத் தலையாட்டினாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிமென்ட் ஆலையில் ஷிப்ட் பார்த்து ரிடையரானவர். அம்மா இருந்தவரை காலையில் ரெண்டு பேரும் தர்மலிங்கேஸ்வரர் மலையடிவாரம் வரை நடந்துவிட்டு வருவார்கள். அம்மா போன பிறகு திண்ணையை விட்டு இறங்கவே இல்லை மனுஷன். பேச்சும் நின்றுபோனது. டைசன் வந்த பிறகுதான் மறுபடி செருப்பு மாட்ட ஆரம்பித்தார். ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்க்கிறேன், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் அந்தக் கிராதகன் படுத்திருக்கிறது.

“மாவுக்கட்டு பிரிக்க ஆறு வாரமாகும்ங்கப்பா. அதுக்குள்ள நான் இதைப் பழக்கிடறேன்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் படித்தது பி.காம்.!

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனேன். முழுக் கதையையும் கேட்டவர், டைசனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“அது இழுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்னத்தைங்க பண்றது, பின்னாடியே ஓடுவேன்.”

“அப்ப அது சரியாத்தானே பண்ணுது? இழுத்தா நீங்க நகர்றீங்க. வண்டி மாடு வேற என்ன பண்ணுது?”

எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தாலும் கணக்கு உடனே புரிந்துவிட்டது. டைசன் இழுக்கிறது, நான் ஒரு அடி வைக்கிறேன். அந்த ஒரு அடிதான் அதற்குச் சம்பளம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஒன்றரை வருஷமாக இழுப்பதற்குச் சம்பளம் கொடுத்து, அப்பப்போ இன்க்ரிமென்ட்டும் போட்டிருக்கிறேன். இழுக்காமல் ஒழுங்காக நடந்த நேரத்தில் பைசா கொடுத்ததில்லை. நீங்கள் ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். சத்தம் போடுகிறவனுக்கு மட்டும் உடனே லீவு சாங்ஷன் செய்யும் மேனேஜர் இருந்தால், மூணே மாசத்தில் மொத்த செக்‌ஷனும் சத்தம் போடும். தப்பு செக்‌ஷன் மேலா?

டாக்டர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து இன்னொரு முறை தலையில் அடித்துக்கொண்டார். அது பட்டனை அமுக்கினால் நிற்கும், நாய் இழுக்க இழுக்க டேப் மாதிரி நீளும் ரகம். விலை அதிகம் கொடுத்து, பெருமையாக வாங்கியது. “இழுத்தா இன்னும் அஞ்சு மீட்டர் இலவசம்னு நீங்களே போர்டு மாட்டியிருக்கீங்களே!” என்றார். கழுத்துப் பட்டையையும் கழற்றச் சொன்னார். இந்தக் குட்டி ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். கழுத்தில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அது நசுங்கி, வாத்து கத்துவது மாதிரி ஒரு இருமல் வரும். டைசன் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தது. நான் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன். மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் பட்டையும், ஆறடி நீளத்தில் சாதாரணக் கயிறும் வாங்கினேன்.

பாடம் ஒரே வரி. கயிறு விறைத்தால் நில். தளர்ந்தால் நட.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! எங்கள் பக்கம் இருட்டோடு வாக்கிங் போக முடியாது. யானை வரும். மதுக்கரை–வாளையார் ரயில் பாதையில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க 2024-ல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்களே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஊரே பார்க்கிற வெளிச்சத்தில்தான் என் பயிற்சி. 2022-ல் டெல்லியில் ஒரு ஐ.ஏ.எஸ். தம்பதி, நாயோடு நடப்பதற்காக ஸ்டேடியத்தில் விளையாட்டு வீரர்களைச் சீக்கிரம் வெளியேற்றுகிறார்கள் என்று செய்தி வந்து, ஒருவரை லடாக்குக்கும் இன்னொருவரை அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றினார்கள். எனக்கு ஸ்டேடியமும் இல்லை, மாற்றுவாரும் இல்லை.

முதல் நாள் எங்கள் கேட்டிலிருந்து நாலாவது வீடு போய்ச் சேர 35 நிமிஷம். டைசன் இழுக்கும். நான் மைல்கல் மாதிரி நிற்பேன். அது திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலில் கயிறு ஒரு விரற்கடை தளரும். “சபாஷ்” என்று சொல்லி, என் முழங்காலை ஒட்டி, வேகவைத்த கோழியில் ஒரு பொட்டுக்கடலை அளவு நீட்டுவேன். வாங்கிக்கொண்டு நடக்கும். ரெண்டு அடி. மறுபடி இழுக்கும். மறுபடி மைல்கல்.

பால்காரர் வண்டியை நிறுத்தி, “ஏனுங் தம்பி, யாராச்சும் வரோணுமுங்களா?” என்றார். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் கேட்டார். நான் அதே மின் கம்பத்தடியில் இருந்தேன்.

நாலாம் நாள் நிலைமை படுமோசம். இழுத்தது, குரைத்தது, கயிற்றைக் கடித்தது, கடைசியில் நடுரோட்டில் சத்தியாகிரகமே பண்ணிவிட்டது. டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பலித்து வந்த ஒரு வேலை திடீரென்று பலிக்காமல் போனால், விட்டுவிடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் மூர்க்கமாகச் செய்து பார்க்குமாம். நாம் மட்டும் என்ன? லிஃப்ட் வரவில்லை என்றால் படியேறிவிடுகிறோமா? பட்டனை இன்னும் பத்து தடவை டொக் டொக்கென்று குத்தவில்லை? பல பேர் இந்த இடத்தில்தான் பரிதாபப்பட்டு நடந்து கொடுத்துவிடுவார்களாம். அப்படிக் கொடுத்தால், ‘ஓஹோ, சம்பளம் வேண்டுமென்றால் நடுரோட்டில் படுக்க வேண்டும் போலிருக்கிறது’ என்று அது புரிந்துகொள்ளும்.

ரெண்டாவது வாரம் ஒரு மர்மம். என் மனைவியோடு போனால் டைசன் பாதி வழி ஒழுங்காக நடக்கிறது. என்னோடு வந்தால் பழைய குருடி, கதவைத் திறடி. கோழித் துண்டு கொடுப்பது நான், கெட்டிக்காரத்தனம் அவளிடமா?

மனைவிதான் துப்பறிந்தாள். “ஏனுங்க, நேத்து போன்ல பேசிக்கிட்டே அது இழுக்க இழுக்கப் பின்னாடியே அம்பதடி போனீங்களே, மாடியிலருந்து பார்த்தேன்.”

உண்மை. போன் வந்தால் நான் மைல்கல்லாக இருப்பதில்லை. லேட்டானாலும் இருப்பதில்லை. பத்துக்கு ஒன்பது தரம் நின்றுவிட்டு, ஒரு தரம் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ‘பத்தில் ஒன்றுதானே’ என்று நீங்களும் நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். இங்கிருந்து வாளையார் ஒரு பஸ் தூரம், அந்தப் பக்கம் கேரளா. லாட்டரி வாங்க என்றே பஸ் ஏறுகிற ஆட்கள் எனக்குத் தெரியும். ஒரு தரம்கூட விழாமல் இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பார்கள். எப்போதோ ஒரு நாள் ஐந்நூறு ரூபாய் விழுந்ததே, அதுதான் பத்து வருஷமாகப் பஸ் ஏற வைக்கிறது. அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் பேராசிரியர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைத்தான் பக்கம் பக்கமாக நிரூபித்தார். எப்போதும் கிடைக்கிற கூலி நின்றால் பழக்கம் சீக்கிரம் போய்விடும். எப்போதாவது கிடைக்கிற கூலியில் வந்த பழக்கம் லேசில் போகாது. டைசனுக்கு நான் கேரளா லாட்டரி ஆகியிருந்தேன்.

அன்றிலிருந்து வாக்கிங்குக்கு போன் கிடையாது. கூடவே ஒரு தாராளமும் செய்தேன். ஒழுங்காக இருபதடி நடந்தால், அது ஆசைப்பட்ட மின் கம்பத்துக்கே கூட்டிப் போய் வேண்டிய மட்டும் மோந்து பார்க்க விட்டேன். நமக்கு அது கம்பம், அதற்குக் காலைப் பேப்பர். கோழியைவிட இந்தப் போனஸ் நன்றாக வேலை செய்தது. நாயின் நடை இயல்பிலேயே நம்மைவிட வேகம். நம் நடைக்கு அது தன்னைக் குறைத்துக்கொள்வதே பெரிய உழைப்பு. சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது, பாருங்கள்.

(2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போகுமே, ஒரு பக் நாய்? அதற்குக் கயிறே கிடையாது. அதைப் பார்த்துவிட்டுக் குட்டி நாய் வாங்கியவர்கள் எத்தனை பேர் இன்று மின் கம்பத்தடியில் நிற்கிறார்களோ!)

ஆறாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்துப் போயிருந்தது. அக்கா போன் செய்து, “நாயை எப்பக் கொண்டாந்து உடறே?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஞாயிறு காலை அப்பா செருப்பு மாட்டினார். கயிற்றைக் கையில் சுற்றாமல், பிடியை வலது கை விரல்களில் தொங்கவிட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். நான் பத்தடி பின்னால். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முதல் திருப்பத்திலேயே பூனை. டைசன் ஒரு எட்டு முன்னால் போனது, கயிறு விறைத்தது. அப்பா நின்றார். டைசனும் நின்று திரும்பிப் பார்த்தது. கயிறு தளர்ந்தது. பூனை மதிலேறிப் போயே போய்விட்டது.

அப்புறம் ஒரு அதிசயம் பார்த்தேன். அப்பா பத்தடிக்கு ஒரு தரம் தானாகவே நிற்கிறார். முழங்கால் வலி ஒன்று, தெரிந்தவர்கள் ஒன்று. “நல்லாருக்கீங்களா?”, “கை எப்படீங் இருக்குது?”, “பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதுங்களா?” ஆறு வாரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை இந்த மனுஷன் அனுபவித்து நிற்கிறார். டைசன் ஒவ்வொரு தரமும் அவர் செருப்போரம் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கிறது.

டீக்கடை வாசலில் ஆலைக் காலத்துச் சிநேகிதர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. அம்மா பெயர் ரெண்டு தரம் காதில் விழுந்தது. எனக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டிய அவசரம்.

“நேரமாச்சுங்கப்பா, போலாமுங்களா?” என்று அவர் முழங்கையைப் பிடித்து லேசாக இழுத்தேன்.

அப்பா அசையவில்லை. டைசனும் அசையவில்லை. நான் கையை எடுத்த பிறகுதான் இரண்டு பேரும் கிளம்பினார்கள்.