வீட்டுக்கு முன் வீதி

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர்கள், 'வீட்டை வாங்கிப் பார்' என்று சொல்லவில்லை. அடுக்கு மாடியும் மாதத் தவணையும் அவர்களுக்குத் தெரியாதது அவர்கள் அதிர்ஷ்டம்! கட்டுகிற கஷ்டம் கொத்தனாரோடு போய்விடும். வாங்குகிற கஷ்டமோ இருபது வருஷம் கூடவே குடியிருக்கும்.

ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கிண்டியில் உத்தியோகம். கைக்கு வருவது ரூ. 52,000. இவர் பள்ளி ஆசிரியை, சம்பளம் ரூ. 28,000. வீட்டில் மாமியாரும் ஒரு பெண் குழந்தையும். சேமிப்பு ரூ. 18 லட்சம்.

"பள்ளிக்கரணைப் பக்கம் மூன்று அறை வீடு ஒன்று ரூ. 55 லட்சத்துக்கு வருகிறது. என் நகைகளை விற்றால் ரூ. 6 லட்சம் கிடைக்கும், துணிந்து வாங்கிவிடலாம் என்கிறார் அவர். கூடுவாஞ்சேரியில் இரண்டு அறை வீடு ஒன்றும் பார்த்தோம்; ரூ. 40 லட்சம். இரண்டுமே ஏற்கனவே பிறர் குடியிருந்த வீடுகள். 'நகை எங்கே போகிறது, அப்புறம் வாங்கித் தருகிறேன்' என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?"

சகோதரி, உங்களுக்குத் தூக்கம் வராதது நல்லதுதான். குடும்பத்தில் ஒருவராவது கணக்குப் பார்க்கிறார் என்று அர்த்தம்! வாருங்கள், அந்தக் கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம்.

விலை என்று சொல்வது முழு விலை அல்ல. தமிழ் நாட்டில் இப்படிப்பட்ட வீட்டைக் கிரயம் செய்யும்போது முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆகவே 55 லட்சம் என்பது ஏறக்குறைய 60 லட்சம். சேமிப்பும் நகையும் சேர்ந்து 24 லட்சம் போக, கடன் 36 லட்சம். வட்டி எட்டரை சதவிகிதம், இருபது வருஷம் என்று வைத்துக் கொண்டால் மாதத் தவணை ரூ. 31,200 சொச்சம். கையில் மிச்சம்? ஒன்றும் இல்லை. கழுத்திலும் ஒன்றும் இல்லை!

40 லட்சம் வீடு, பதிவுச் செலவோடு 43 லட்சத்து 60 ஆயிரம். கடன் 30 லட்சம் வாங்கினால் தவணை சுமார் ரூ. 26,000. நகையைத் தொட வேண்டாம். அலமாரி அடிக்க, சாமான் ஏற்ற, இறக்க என்று 80,000 போனாலும் சேமிப்பில் 3 லட்சத்து 60 ஆயிரம் மிஞ்சும்.

இந்த மிச்சத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். வாடகை நீங்கலாக உங்கள் வீட்டுச் செலவு ரூ. 35,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு காரணத்தால் நீங்கள் வேலையை விட நேர்ந்தால்? பெரிய வீட்டில் மாதம் ரூ. 14,000-க்கு மேல் துண்டு விழும். கைமாற்றுக்கு ஓட வேண்டும். சின்ன வீட்டில் விழும் துண்டு ரூ. 9,000. மிச்சப் பணம் மூன்று வருஷத்துக்கு மேல் தாங்கும். ஆபத்துக்கு நகையும் இருக்கும்.

"அப்படியானால் கூடுவாஞ்சேரிதானே?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். வீட்டின் கணக்கு முடிந்தது. வீதியின் கணக்கு இருக்கிறது.

எட்டரை வட்டியில் ஒரு லட்சம் கடனுக்கு இருபது வருஷத் தவணை மாதம் சுமார் ரூ. 870. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்டை உங்களிடம் மாதா மாதம் அதிகப்படியாக வாங்கும் ஒவ்வொரு 870 ரூபாயும், வீட்டு விலையில் ஒரு லட்சம் ஏறியதற்குச் சமம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் நேரே உண்டு. சீசன் டிக்கெட்டும் மலிவு. ஆனால் வீடு ஸ்டேஷனுக்கு வெகு தூரம் தள்ளி இருந்து, ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் மாதம் ரூ. 4,300 போகிறதென்றால், உங்கள் 40 லட்சம் வீடு உண்மையில் 45 லட்சம் வீடு! தவிர, ரயிலில் மட்டும் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். அத்தனை நேரம் மாமியாரும் குழந்தையும் தனியே இருப்பார்கள். அதற்கு எந்த வங்கியும் வட்டி கணக்கிடாது; நாம்தான் கணக்கிட வேண்டும்.

வீதியைப் பார்க்கப் போகும்போது தரகரை அழைத்துப் போகாதீர்கள். முனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: "2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எது வரை வந்தது?" தென் சென்னைப் புறநகர் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் போய்ச் சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். இரண்டு வெள்ளங்களிலும் அந்தப் பக்கம் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. அதற்காகப் பேட்டை முழுவதையும் ஒதுக்க வேண்டாம். மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் எந்த ஊரிலும் உண்டு, கூடுவாஞ்சேரியிலும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். தியாகராய நகரே 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவான இடம்தான். மேற்கு மாம்பலத்தில் ஏரி போய்விட்டது, 'லேக் வியூ ரோடு' மட்டும் இருக்கிறது!

இரண்டு: "2019 கோடையில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?" அந்த ஜூனில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகமிருக்கும். அந்த வருஷம் கிணறு கைகொடுத்த தெரு என்றால் பாதிக் கவலை விட்டது.

பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கும், இன்னொரு நாள் இரவு ஒன்பது மணிக்கும் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, வைத்தியர் எங்கே, கறிகாய் எங்கே என்று உங்கள் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மாமியாரையும் ஒரு தடவை அழைத்துப் போங்கள். பகலெல்லாம் அங்கே இருக்கப் போகிறவர் அவர்தான்.

மூலப் பத்திரத்தையும் 30 வருஷ வில்லங்கச் சான்றையும், அனுமதி பெற்ற வரைபடத்தையும் சொந்த வக்கீலிடம் காட்டிவிடுங்கள். விற்கிறவருடைய வக்கீலிடம் அல்ல. கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். தவணையில் உங்கள் சம்பளமும் இருக்கிறதே!

என் அபிப்பிராயம் இதுதான்: நகையை விற்காதீர்கள். 40 லட்சம் உங்கள் எல்லை. அதற்குள் கூடுவாஞ்சேரிதான் என்றில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சற்றுப் பழைய, சிறிய வீடுகளையும் தேடிப் பாருங்கள். எது பிடித்தாலும் முன்பணம் கொடுப்பதை ஐப்பசி, கார்த்திகை தாண்டும் வரை ஒத்திப் போடுங்கள். "வேறு ஆள் வந்துவிட்டார்" என்று தரகர் துரிதப்படுத்துவார், துரிதப்படுத்தட்டும். நல்ல அடைமழை நாளாகப் பார்த்து, கணவரையும் குடையையும் அழைத்துக் கொண்டு அந்த வீதிக்குப் போய் நில்லுங்கள். கால் நனைந்த பிறகும் அவருக்கு அந்த வீடு பிடித்திருந்தால், தைரியமாக மேலே பேசலாம்.