ஆயாவுக்குக் காய்ச்சல்

ஓவர்லாக் டைலர் ஒருவர் வரவில்லையென்றால், எட்டரை மணி ஷிப்ட் தொடங்குவதற்குள் சூப்பர்வைசர் நாலு பேருக்குப் போன் போட்டுவிடுவார். பக்கத்து லைனிலிருந்து ஆள் மாறும். கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்து ஆயாவுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் கதவு பூட்டியே கிடக்கும். மாற்று ஆள் தேடுவது யார் வேலை என்று திருப்பூர்க்காரர்களான நாம் இதுவரை பேசி முடிவு செய்யவில்லை.

சட்டத்தில் குழப்பமில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும், அது பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2017இல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. காப்பகம் நடத்தும் கடமை முதலாளிக்கென்றால், ஆயா படுத்துவிட்ட நாளிலும் அவருக்குத்தான். நம்மில் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலர் பையர் ஆடிட் வரும் நாளில் அந்த அறையைத் துடைத்துப் பொம்மை அடுக்கியதோடு சரி. லீவு கேட்ட ஆயாவிடம், "தங்கச்சியை அனுப்பிட்டு நீ படுத்துக்க" என்றோம். பிள்ளையின் தாயான டைலர் காண்ட்ராக்ட் ஆளென்றால், காண்ட்ராக்டரைக் கேட்கச் சொன்னோம்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களும் தப்ப முடியாது. பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. அந்தப் பிடிவாதத்தில் கால்வாசியைக்கூட மாற்று ஆயாவுக்காக நாம் காட்டவில்லை.

அரசு நடத்தும் பால்வாடியின் (அங்கன்வாடியின்) கதை வேறு. அங்கே ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். டீச்சர் லீவென்றால் பக்கத்து மையத்து டீச்சருக்குக் 'கூடுதல் பொறுப்பு'. இரண்டு இடத்துப் பிள்ளைகளை ஒருவர் எப்படிப் பார்ப்பார்? 1975இல் தொடங்கிய திட்டம்; அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆயிற்று.  போதாததற்கு, கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்தில் பால்வாடி பூட்டி வெகுநேரமாகியிருக்கும்.

ஆயா வரவில்லை என்ற போன் அம்மாவுக்கே போகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு அன்று கூலி இல்லை. ஒடிசாவிலிருந்து வந்தவளுக்குக் கூப்பிடப் பாட்டியும் இல்லை. அதே கம்பெனியில் கட்டிங்கில் நிற்கும் அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை. அப்பாக்களான நாமும் கேட்டதில்லை.

ஒரு தெருவின் கம்பெனிகள் சேர்ந்து இரண்டு மாற்று ஆயாக்களை மாதச் சம்பளத்தில் வைக்கலாம். பவர் டேபிள் என்னும் சிறு தையல் கூடம் நடத்துபவர் தனியாகத் தாங்கமாட்டார். பெரிய ஏற்றுமதிக்காரர் தாங்குவார். அடுத்த கூலிப் பேச்சில் இதை முதலில் வைப்போம்.