பெயரில்லாத சுடர்

குத்துவிளக்கின் ஐந்து முகங்களிலும் சுடர் எரிகையில், மூன்றாவது சுடரைச் சுற்றிய ஒளிவட்டம் மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பூத்து, விளக்கேற்றும் பெண்மணியின் கன்னத்தை வெளிறச் செய்கிறது என்று எண்ணெய் விளம்பரம் கொடுத்தவர்கள் சொல்லியனுப்ப, அதைச் சற்றே தணிப்பதற்காக இரவு பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த ஓர் இளைஞர், இரண்டு மணி வரையில் அந்த ஒளிவட்டம் எங்கே இருக்கிறது என்பதையே தேடிக்கொண்டிருந்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவன் நான். தணிப்பதற்கு வேண்டிய அவகாசமோ அரை நிமிஷம். ஒளி திரையில் பிரத்தியட்சமாக ஜொலிக்கிறது. அதை உண்டாக்கியவரும் அவரே. ஆயினும் கோப்பிலுள்ள 143 லேயர்களில் அது எது என்பது அவருக்குத் தெரியவில்லை. "நான்தான் சார் போட்டேன், எங்க போட்டேன்னுதான் தெரியல" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் என் மேஜை டிராயர் கிடக்கும் லட்சணம் ஞாபகத்துக்கு வரவே அடக்கிக்கொண்டேன்.

இத்தொழிலோடு பரிச்சயமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் நாம் ஒரே படமாகக் காண்பது ஒரே படமன்று. பெண்மணி ஒரு தளம், விளக்கு ஒரு தளம், சுடர் ஒவ்வொன்றும் ஒரு தளம், புகை, நிழல், ஒளிவட்டம், எழுத்து எல்லாம் தனித்தனித் தளங்கள் என்று செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து பார்க்கையில் ஒரே காட்சியாகத் தோன்றும்படி இணைப்பதற்குக் கம்போசிட்டிங் என்று பெயர். தளத்தை அடுக்கு என்று நல்ல தமிழில் சொல்லலாம்; ஆனால் தொழிலில் இருப்பவர் ஒருவர் வாயிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லையாதலால், லேயர் என்றே சொல்லிப் போகிறேன்.

இந்த அடுக்கும் வித்தை கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் என்பவர், நகரும் உருவத்தை மட்டும் கண்ணாடிபோன்ற செல்லுலாய்ட் தாளில் வரைந்து, நகராத பின்னணியின்மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்கு 1914-ஆம் ஆண்டின் இறுதியில் காப்புரிமை கோரினார். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கார்ட்டூன் உலகம் அந்தத் தாளின்மேல்தான் நடந்தது. அந்தத் தாள் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் முழுக்கத் தெளிவானதன்று. ஒரு தாளுக்குமேல் இன்னொரு தாள் வைக்க வைக்க அடியிலுள்ள வர்ணம் மங்கும். ஆகவே நாலைந்து தாளுக்குமேல் அடுக்க முடியாது. அடித்தாளில் வரும் பாத்திரத்தின் சட்டைக்கும், மேல்தாளில் வரும் அதே பாத்திரத்தின் அதே சட்டைக்கும் வர்ணத்தை வேறுவேறாகக் குழைக்கவேண்டும். காட்சியின் நடுவில் ஒரு பாத்திரம் விலகிப்போனால், வர்ணம் திடீரென்று பளிச்சிட்டுவிடாமல் இருக்கும்பொருட்டு, அது இருந்த இடத்தில் ஒன்றும் வரையாத வெறுந்தாளையாவது வைத்தாகவேண்டும். இல்லாதவனுக்கும் இலை போட்டு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் கணக்கு ஒரு நீண்ட காகிதத்தில் இருந்தது. விநாடிக்கு 24 பிரேம் என்ற விகிதத்தில் பிரேமுக்கு ஒரு வரியும், தாளுக்கு ஒரு பத்தியுமாகக் கோடிட்டு, எந்தப் பிரேமில் எந்தத் தாள் அடியில், எது மேலே என்று எண்ணிட்டு எழுதிய அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் காமிராக்காரர் ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடிப்பார். வரைந்தவர் ஒருவர், வர்ணமிட்டவர் வேறொருவர், படம்பிடிப்பவர் மூன்றாமவர் என்றிருந்தபடியால், எண்ணிடாத தாள் என்பதற்கு அங்கே இடமே கிடையாது. அவர்கள் நம்மைவிட ஒழுங்கில் உயர்ந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வெளிச்சம் அவர்களை நாலைந்து தாளோடு நிறுத்திவிட்டது. அடுத்த கை அவர்களை எழுதவைத்தது.

அந்த இரண்டு நிர்ப்பந்தங்களும் நமக்கு இல்லை. 1993 ஜனவரியில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் ஒரு சிறிய கம்பெனி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஃபோட்டோஷாப்பில் லேயர் என்பது 1994-இல் வந்த 3.0 பதிப்பில் இடம்பெற்றது. லேயருக்கு மேல் லேயராக நூறு வைத்தாலும் அடியிலுள்ள வர்ணம் ஒரு மாத்திரையும் மங்குவதில்லை. எண்ணம் தோன்றும்போதெல்லாம் ஒன்று சேர்க்கலாம், சேர்த்ததை மறக்கலாம். அந்த ஃபோட்டோஷாப்பிலேயே லேயர்ப் பட்டியலைப் பெயராலும் வகையாலும் வடிகட்டித் தேடும் வசதி 2012-இல்தான் வந்தது என்பதை நோக்குகையில், அடுக்கக் கற்றுக்கொண்ட பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தேடக் கற்றுக்கொண்டோம் என்று தெரிகிறது.

லேயர் தொலைகிற விதங்கள்தான் எத்தனை! ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில், மதிலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எட்டிப்பார்ப்பதுபோல ஒரு சிறு பொம்மை உண்டு. அதற்கு 'ஷை', அதாவது கூச்சம், என்று பெயர். அதை அழுத்தினால் பொம்மை மதிலுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். பட்டியலின் தலைப்பிலுள்ள பெரிய பொம்மையையும் அழுத்திவிட்டால், கூச்சப்பட்ட லேயர்கள் அனைத்தும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். படத்திலிருந்து மறையமாட்டா; அதுதான் விசேஷம். ஒளி எரிகிறது, விளக்கைக் காணோம். அல்லது, தேடும் பெட்டியில் காலையில் தட்டிய ஒரு சொல் மாலையிலும் அப்படியே கிடக்க, அந்தச் சொல் இல்லாத லேயர்களெல்லாம் அழிந்துவிட்டன என்று பதறுவோர் உண்டு. வேறொரு லேயரில், அதை மட்டும் காட்டும் 'சோலோ'வை அழுத்திவிட்டு, மற்றவை எங்கே போயின என்று தேடுவோரும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய காடு, பல லேயர்களை ஒரு மூட்டையாகக் கட்டி ஒரே லேயராக வைக்கும் 'ப்ரீ-காம்ப்'. மூட்டைக்குள் மூட்டை, அதற்குள் இன்னொரு மூட்டை என்று கட்டிக்கொண்டே போகலாம். கட்டியவருக்கு மூன்றாம் நாளே முடிச்சு மறந்துபோகும்.

தேடுவதற்குச் சாதனங்கள் இல்லாமலில்லை. படத்தின்மேலேயே வலது பொத்தானை அழுத்தினால், அந்தப் புள்ளிக்கு அடியிலுள்ள லேயர்களைப் பெயரிட்டுக் காட்டும். ஒரே நிறக் குறியிட்ட லேயர்களை ஒருசேரத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த லேயர் பட்டியலில் எங்கோ பாதாளத்தில் கிடந்தால் எக்ஸ் என்ற ஒற்றை விசையே அதைப் பட்டியலின் மேல்வரிக்கு இழுத்துவந்துவிடும். இத்தனை சௌகரியங்களையும் அந்த இளைஞர் அறிந்திருந்தார். வலது பொத்தானை அழுத்தியதும் வந்த பட்டியலை நானும் பார்த்தேன்: பிளாக் சாலிட் 3, பிளாக் சாலிட் 11, ஷேப் லேயர் 40, ப்ரீ-காம்ப் 9. இயந்திரம் தான் அறிந்ததைச் சொல்லிவிட்டது. நாம் பெயர் சொல்லாததால் தானாக இட்டுக்கொண்ட பெயர்களைத் தவிர அது வேறெதைச் சொல்லும்? தேடும் உபாயங்கள் எத்தனை பெருகினாலும் அவற்றில் பெரும்பாலானவை ஒரு பெயரின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதும், அங்கே பெயர் இல்லையானால் அத்தனை உபாயமும் விருதா என்பதும்தான் என் அபிப்பிராயம்.

கம்போசிட்டிங் செய்பவருக்குக் கம்போசிட்டர் என்று பெயர்; அந்தப் பெயர் பத்திரிகை வாசகர்களுக்குப் புதியதன்று. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கூடத்தின் ஆதாரமே கம்போசிட்டர்தான். அறைகளாகத் தடுத்த மரத்தட்டின் முன் நின்றபடி, கையெழுத்துப் பிரதியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இன்ன எழுத்து இன்ன அறையில் என்று விரலாலேயே அறிந்து எடுத்துக் கோப்பார். அச்சிட்டு முடிந்ததும் அதே எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அதனதன் அறையில் போட்டாகவேண்டும். அந்த வேலையில் புகழ் கிடையாது. அதைச் செய்யாமல் விட்டால் மறுநாள் பத்திரிகை கிடையாது. ஒரே பெயர் கொண்ட இவ்விரு தொழில்களில் முன்னதிலிருந்து பின்னது எதையாவது கடன் வாங்கலாமென்றால், திரும்ப அறையில் போடும் அந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பார்ப்பவர் பார்ப்பது படத்தையே ஒழிய கோப்பையன்று. டெலிவரி நெருக்கும்போது பெயர் வைத்துக்கொண்டிருக்க எவருக்கு நேரம் என்பார்கள். படம் ஒரே தடவையில் முடிந்துவிடுமானால் நானும் சம்மதிப்பேன். 'கரெக்‌ஷன்' என்று ஒன்று வராத வேலை இத்தொழிலில் ஏது? அது வரும்போது போட்டவர் விடுப்பில் இருப்பார், அல்லது வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அனிமேஷன் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் மாணவனின் முடிந்த படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுகின்றனவே, அதை மாற்றவேண்டும் என்பேன். ஒரு மாணவனின் கோப்பை இன்னொரு மாணவனிடம் கொடுத்து, பத்து நிமிஷத்துக்குள் அதில் ஒரு நிழலை நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியவில்லையானால் மதிப்பெண்ணைக் கோப்புக்கு உடையவனுக்குக் குறையுங்கள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு டீ குடிக்க எழுந்து வந்த மூத்தவர் ஒருவர் நிலைமையைக் கேட்டார். "தம்பி, முதல்ல அந்த ஷையை எடு. அப்புறம் மேல் பாதியை அணை" என்றார். அணைத்தும் ஒளி இருந்தது. ஆகவே அது கீழ்ப் பாதியில். அதில் பாதியை அணைக்கச் சொன்னார். 143 லேயர்களும் எட்டே அடியில் ஒன்றாகச் சுருங்கின. அந்த ஒன்று ப்ரீ-காம்ப் 9. அதற்குள்ளும் இதேபோல் ஐந்தாறு அடி. கடைசியில் அகப்பட்டது, கூச்சப்பட்டு ஒளிந்திருந்த பிளாக் சாலிட் 27. பெயரில்லாத இடத்தில் ஆளை அடையாளம் காண அவர் கண்ட வழி, ஊரில் பாதிப்பேரை வெளியே நிற்கச் சொல்வதாக இருந்தது. இளைஞர் ஒளியைத் தணித்தார்; எண்டரை அழுத்தி 'மூன்றாம் சுடர் ஒளி' என்று பெயரும் இட்டார்.

மறுநாள் பகலில் விளம்பரதாரர்கள் அந்த ஒளிவட்டம் பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த லேயரைக் கண்டெடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கூடவே, நாலாவது சுடரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.