கர்த்தரின் தண்டனையா?

பூமி அதிர்ந்தாலும், புயல் அடித்தாலும், கொள்ளை நோய் வந்தாலும் பாதிரிமார் கொடுக்கும் மருந்து ஒன்றேதான். அதாவது, "இது கர்த்தருடைய வல்லமை, இது அவருடைய நியாயத் தீர்ப்பு, முழங்காற்படியிட்டு மனந்திரும்புங்கள்" என்பதே. கிறிஸ்தவத் தோழர்கள் இந்த மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதா, அல்லது மருந்து கொடுப்பவரை இரண்டு கேள்வியாவது கேட்பதா என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி போர்ச்சுகல் தலைநகராகிய லிஸ்பனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுவோம். அன்று சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள். காலைப் பூசைக்கு ஜனங்கள் கோயில்களில் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோயில்கள் கும்பிட்டவர்கள் தலைமேலேயே இடிந்து விழுந்தன. சாமிக்கு ஏற்றிய மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் கவிழ்ந்து ஊர் பல நாள் எரிந்தது. உயிர் தப்ப ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் பொங்கி வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர்கள் பதினாயிரக் கணக்கானவர்கள்.

இதற்கு மதவாதிகள் கூறிய காரணம் என்ன? மலகிரிடா என்ற யேசு சபைப் பாதிரியார் 1756-ல் ஒரு புத்தகம் போட்டு, இது இயற்கையின் காரியம் அல்லவென்றும், நாடகமும் ஆட்டமும் பார்த்த பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனையென்றும் சொன்னார். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் மதத் தலைவர் ஜான் வெஸ்லியோ, மத விசாரணையின் பேரால் அங்கே சிந்தப்பட்ட இரத்தத்திற்குக் கடவுள் கணக்குக் கேட்கின்றார் போலும் என்ற பொருள்பட எழுதினார். ஒருவர் பக்தி குறைந்ததற்குத் தண்டனை என்கிறார். மற்றவர் மதவெறி மிகுந்ததற்குத் தண்டனை என்கிறார். இருவருக்கும் வேதம் ஒன்று, கடவுளும் ஒருவர். ஆனால் தீர்ப்பு மாத்திரம் இரண்டு!

ஒரு சாதாரண மாஜிஸ்ட்ரேட்டு கூட குற்றம் இன்னது, குற்றவாளி இன்னார் என்று எழுதிவைத்த பிறகே தண்டிக்கின்றார். சர்வ வல்லமையும் சர்வ தயையும் உள்ளதாகச் சொல்லப்படும் கடவுளோ, பால் குடிக்கும் குழந்தையையும் கொலைகாரனையும் ஒரே சுவரின் கீழ் நசுக்கிவிட்டு, குற்றம் இன்னதென்று சொல்லாமலே போய்விடுகிறார் என்றால், இதை நியாயத் தீர்ப்பு என்று சொல்ல வாய் கூச வேண்டாமா?

"தேவனுடைய வழிகள் மனித புத்திக்கு எட்டாதவை" என்று சமாதானம் சொல்லுவார்கள். மெத்த சரி. எட்டாததானால் அது தண்டனைதான் என்பது மட்டும் பாதிரியார் புத்திக்கு எப்படி எட்டிற்று?

அவர்கள் வேதத்தையே பார்ப்போம். லூக்கா 13-ம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களை விட அதிகக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொன்னதாக இருக்கிறது. மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெடுவீர்கள் என்றும் அங்கேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். செத்தவன் பிழைத்தவனை விடப் பாவி அல்லவென்றால், அந்தச் சாவு எந்தக் குற்றத்திற்குத் தீர்ப்பு?

நிற்க, இந்தப் பயத்தால் மனிதன் ஒழுங்காய் நடப்பான் என்று சிலர் சொல்லலாம். பயம் செய்த வேலையைக் கேளுங்கள். பிராங்க்ளின் கண்டுபிடித்த இடிதாங்கியை அமெரிக்காவில் ஜனங்கள் வீடுகளில் வைத்தபோது, 1755-ல் பாஸ்டன் பக்கம் பூமி அதிர்ந்ததற்கு அந்த இரும்புக் கம்பிகளே காரணமாயிருக்கலாம் என்றும், கர்த்தர் கைக்குத் தப்ப முடியாதென்றும் தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் எழுதினார். இன்றோ கோயில் கோபுர உச்சியிலேயே இடிதாங்கி நிற்கின்றது! சிலுவைக்குக் காவல் இரும்புக் கம்பி என்றால், பாதிரிமாருடைய நம்பிக்கை எதில் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமோ?

இந்து வைதீகர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1934-ல் பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என்று தோழர் காந்தியார் சொன்னதும், அதைத் தாகூர் கண்டித்ததும் ஊரறிந்த விஷயம்.

நம் நாட்டில் 2004-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் கடல் ஏறியது. மாதாவை நாடி வந்த யாத்திரிகர்கள் அனேகர் கடற்கரையில் மாண்டார்கள். கோயில் தப்பியது அற்புதம் என்று கொண்டாடப்பட்டது. கல்லையும் சுண்ணாம்பையும் காப்பாற்றிவிட்டு, கும்பிட வந்த குழந்தையைக் கடலுக்கு விட்டது அற்புதமானால் அப்படிப்பட்ட அற்புதம் யாருக்கு வேண்டும்? அன்று வேண்டியிருந்தது முன்னெச்சரிக்கை. இந்தியக் கடலுக்கு அப்போது அது இல்லை. அதன் பிறகே, 2007-ல், ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. ஏற்படுத்தியது மனித மூளையே ஒழிய மனந்திரும்புதல் அல்ல.

லிஸ்பனிலும் அப்படியே. பிணங்களை அகற்றி, பசித்தவர்களுக்குச் சோறு போட்டு, அதிர்ச்சி எவ்வளவு நேரம் இருந்தது, கடல் ஏறியதா இறங்கியதா என்று ஊர் ஊராய்க் கேள்வி அனுப்பி, சுவருக்குள் மரச் சட்டம் வைத்து வீடு கட்டியதால்தான் அந்த நகரம் மறுபடி எழுந்தது.

ஆகவே, கிறிஸ்தவத் தோழர்களே! அடுத்த முறை பாதிரியார் "தீர்ப்பு" என்றால், குற்றம் என்ன, சாட்சி யார், குழந்தை செய்த பாவம் என்ன என்று கேளுங்கள். பதில் வரும் வரை முழங்காலை மடக்காமல், இடிபாட்டில் கிடப்பவனைத் தூக்க இடுப்பை வளையுங்கள்.