அது கிப்லி படம் இல்லை

2025 மார்ச் கடைசியில் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? சாட்ஜிபிடியில் படம் செய்யும் புது வசதி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமாவின் பிறந்தநாள், மச்சாளின் கல்யாணம், பக்கத்து வீட்டு நாய் எல்லாமே "கிப்லி படம்" ஆகிவிட்டன.

நானும் செய்தேன், மறைக்கவில்லை. இறந்துபோன என் அம்மம்மாவின் பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது. குழுவில் போட்டதும் இதயங்கள் குவிந்தன. அம்மா மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது ஆர்?"

அம்மம்மாவுக்கு இடது கண் கொஞ்சம் சின்னது. வெயிலில் நின்றால் இன்னும் சுருங்கும். அந்தப் போட்டோவில் அவர் வெயிலில்தான் நிற்கிறார். வந்த படத்திலோ இரண்டு கண்ணும் ஒரே அளவு, இரண்டும் பெரிசு, இரண்டிலும் மினுக்கம். அம்மம்மாவை அம்மம்மாவாக்கிய ஒன்றை அது துடைத்து எறிந்திருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அதுதான் எனக்கு வெட்கம்.

சில மாதம் கழித்து வேலை விஷயமாக டோக்கியோ போனேன். மிடாகாவில் உள்ள கிப்லி அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தேன். நேரே போய் வாசலில் டிக்கெட் வாங்க முடியாது. உள்ளே படம் எடுக்கவும் விடமாட்டார்கள். முதல் பத்து நிமிடம் என் கை பொக்கெட்டுக்கும் போனுக்கும் இடையே அலைந்தது. பிறகு வேறு வழியில்லாமல் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் அறையில் ஒரு பெரிய சுழல்தட்டு இருக்கிறது. அதில் டொட்டோரோ படப் பாத்திரங்களின் சின்னப் பொம்மைகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் பொம்மையைவிடக் கொஞ்சம் வேறு நிலையில் இருக்கும். தட்டு சுழல, விளக்கு வெட்டி வெட்டி எரிய, டொட்டோரோ குதிக்கிறது, சிறுமி கயிறடிக்கிறாள். பிறகு தட்டு நிற்கிறது. எல்லாம் வெறும் பொம்மை. பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நானும்தான்.

மேலே, ஒரு படம் எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் அறைகள். சுவர் முழுக்க வரைபடங்கள், மேசையில் பென்சில்கள், வண்ணங்கள், அடுக்கடுக்காகப் புத்தகங்கள். ஸ்டோரிபோர்ட் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே நின்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. முதலில் என் மேல்.

"கிப்லி ஸ்டைல்" என்று நாம் சொல்வது மெல்லிய நிறம், பெரிய கண், பச்சைப் புல். அது மேல்தோல். உள்ளே இருப்பது வேறு. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள். ஒரு வரைபடத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினாலும், ஒவ்வொரு செக்கனுக்கும் எட்டு, பன்னிரண்டு படம் யாரோ வரைய வேண்டும். 2008இல் வந்த 'போன்யோ'வுக்கு 1,70,000 படங்களுக்கு மேல் வரைந்தார்கள். 2013இல் வந்த 'தி விண்ட் ரைசஸ்' படத்தில் மக்கள் கூட்டம் நகரும் ஒரு காட்சி வெறும் நான்கு செக்கன். அதை வரைய எய்ஜி யாமமோரி என்ற அனிமேட்டருக்கு ஒரு வருடமும் மூன்று மாதமும் எடுத்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் திரும்புகிறார், ஒருவர் மூட்டையைத் தூக்குகிறார். யாரோ ஒருவர் அந்த ஒவ்வொரு மனிதரையும் பற்றி யோசித்திருக்கிறார்.

என் அம்மம்மாவைப் பற்றி அந்த ஏஐ ஒரு நொடியும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அதனால் அது கிப்லி படம் இல்லை.

இனி உங்கள் கேள்விகள். எனக்குத் தெரியும், கேட்பீர்கள்.

"அண்ணா, நீங்களே ஐடி ஆள்தானே?" ஓம். வேலையில் ஏஐயைத் தினமும் பாவிக்கிறேன். இயந்திரம் தீட்டு, கை புனிதம் என்று நான் சொல்லவில்லை. கிப்லியே 1997இல் 'பிரின்சஸ் மொனோனோகே'யில் கம்ப்யூட்டரால் வண்ணம் தீட்டத் தொடங்கியது. என் கேள்வி எந்தக் கருவி என்பதல்ல. முதலில் பார்த்தது யார் என்பதுதான்.

"மியாசாகியே ஏஐயைத் திட்டினாரே, அந்த வீடியோ இருக்கே?" அதை என் பக்கத்துக்கு ஆதாரமாக அப்படியே தூக்கி வைக்க மாட்டேன். 2016இல் வந்த அந்த ஆவணப்படத்தில் அவருக்குக் காட்டியது, தலையால் ஊர்ந்து நகரும் ஒரு கோரமான உருவத்தை. இன்றைய படங்களை அல்ல. அதைப் பார்த்ததும் அவர் நினைத்தது, கையை உயர்த்தவே கஷ்டப்படும் தன் நண்பர் ஒருவரை. வலியை அறியாமல் செய்தது என்பதுதான் அவர் கோபம். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

"சும்மா பகிடிக்குத்தானே?" பகிடிதான். ஆனால் அந்தப் பகிடிக்கு ஒரு விலை இருக்கிறது. அருங்காட்சியகம் அந்த அழகான மேசையைக் காட்டுகிறது, சம்பளச் சீட்டைக் காட்டவில்லை. ஜப்பானில் முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதுவும் மிகக் குறைவு. 1989 வாக்கில் ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய கிப்லி ஒரு விதிவிலக்கு. அலுப்பான அந்த இடைப்பட வேலையில்தான் ஒருவர் கண்ணைப் பழக்குகிறார். பிறகே முக்கியப் படங்கள் வரைய விடுவார்கள். ஏஐ முதலில் தின்னப்போவது அந்தக் கீழ்ப் படியை. என் துறையிலும் இதேதான். சின்ன வேலைகளை இப்போது ஏஐயிடம் கொடுக்கிறோம், பிறகு அனுபவமுள்ள ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். முதல் வேலை தேடும் உங்களில் பலருக்கு இது ஏற்கனவே தெரியும்.

ஆகவே அனிமே பிடிக்கும் என்றால், முடிவில் ஓடும் பெயர்களை வெட்டாமல் பாருங்கள். காசு கட்டிப் பாருங்கள். வீட்டில் ஒருவரை முன்னால் இருத்தி, இருபது நிமிடம் பென்சிலால் வரையுங்கள். கேவலமாகத்தான் வரும், பரவாயில்லை. அந்த இருபது நிமிடம் நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

நான் அம்மம்மாவை நான்கு தரம் வரைந்துவிட்டேன். இடது கண் இன்னும் சரிவரவில்லை. நான்காவதை அம்மாவிடம் காட்டினேன். ஆர் என்று அவர் கேட்கவில்லை. "மூக்கு இப்பிடி இல்லை" என்றார்.