தூண்டிலை விரட்டினால் மீன் பிழைக்காது

“பொழுதுபோக்குக்காக மீனைக் கொக்கியில் குத்தி இழுப்பவருக்கு ஆற்றில் என்ன வேலை? அவர்களை வெளியேற்றினாலே மீன்வளம் பெருகும்.” இயற்கையை நேசிப்பவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான், ஆனால் தவறானது. காவிரியே அதற்குச் சாட்சி.

கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் பீமேஸ்வரி, காளிபோரே முகாம்களில் தூண்டில்காரர்கள் மகசீர் மீன்களைப் பிடித்துவந்தார்கள். கேழ்வரகு மாவை வேகவைத்து, உருட்டி, கொக்கியில் பொதிந்து நீரோட்டத்தில் வீசுவார்கள். சிக்கிய மீனை எடைபோட்டு, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 2012இல் அங்கே தூண்டில் போடுவது தடைசெய்யப்பட்டது.

காளிபோரேயின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தத்தில் மகசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய, காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் அருகிப்போயிருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. 2018இல் கூன்முதுகு மகசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் சேர்ந்தது. ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது தூண்டில்காரரின் குறிப்பேடு. அந்தக் கணக்கு 2012ஓடு நின்றுபோனது.

தூண்டில்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொக்கி மீனைக் காயப்படுத்தும். நீலத்துடுப்புக் குஞ்சுகளை ஆற்றில் விட்டதில் தூண்டில் ஆர்வலர்களுக்கும் பங்குண்டு. அதனால்தான் அவர்களை நிர்வாகத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். வெளியே நிற்பவரிடம் கணக்குக் கேட்க முடியாது. உள்ளே இருப்பவரிடம் கேட்கலாம். அணைகளும் மணல் கொள்ளையும் வெடிவைத்து மீன் பிடிப்பதும் தூண்டில் தடையால் நிற்பதில்லை. கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத இரவு, வெடி வீசுபவருக்குத்தான் வசதி.

காவிரி இரு மாநிலங்களின் ஆறு. அதன் மீன்வளத்தை வனத்துறையும் மீன்வளத்துறையும் மட்டும் காத்துவிட முடியாது. ஒகேனக்கல் பரிசல்காரருக்கும் வலை வீசிப் பிழைக்கும் மீனவருக்கும் தூண்டில்காரருக்கும் ஒரே குழுவில் இடம் வேண்டும். தூண்டிலுக்கு உரிமம், முள்ளில்லாத கொக்கி, இனப்பெருக்கக் காலத்தில் ஓய்வு, பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் கட்டாயப் பதிவு ஆகியவை சட்டமாக வேண்டும். அனுமதியின்றி ஒரு குஞ்சைக்கூட ஆற்றில் விடக் கூடாது.

தடை போடுவது எளிது. அதையே பாதுகாப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம். இரு மாநில அரசுகளும் இந்தக் குழுவை உடனே அமைக்க வேண்டும்.